மரமற்ற தோட்டங்கள்

கொழும்புக் காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையருகே நினைவுக்கல் ஒன்று நிற்கின்றது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டிலே தொடங்கிய அந்நடைபாதை 1859ஆம் ஆண்டிலே முற்றுப்பெற்றதென அது கூறும். அதனோடு அமையாது, கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதி அதனைப் பேணிவருமாறு தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளை வார்ட் கேட்டுக்கொண்ட செய்தியையும் அக்கல் தாங்கி நிற்கின்றது. நகரின் திறந்தவெளிக்கும் நகரக் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் தொடர்புண்டு என்பதை ஆட்சியாளர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயின், கொழும்பின் குழந்தைகள் என்று அக்கல் கூறும்போது எந்தக் குழந்தைகளைக் கருதிற்று? துறைமுகத்திலே மூட்டை சுமந்தவனின் பிள்ளையையா? கறுவா உரித்தவனின் பிள்ளையையா? இக்கேள்வியை மனத்திற்கொண்டு கொழும்பு நகரின் பசுந்திடல்களது வரலாற்றை நோக்கின், மரமும் நிழலும் காற்றும் எவ்வாறு வர்க்கச் சொத்தாயின என்பது தெளிவாகும். பங்குனி, சித்திரை மாதங்களின் வெக்கை ஆண்டுதோறும் கடுமையாகிவரும் இக்காலத்தில் இவ்வரலாற்றை அறிந்துகொள்ளுதல் அவசியமென நாம் கருதுகின்றோம்.

காலிமுகத்திடல் குழந்தைகளுக்காகத் தோன்றியதன்று. கோட்டையை ஆண்ட ஒல்லாந்தர் தம் பீரங்கிகளின் குறிக்குத் தடையேதும் இராவண்ணம் கோட்டைக்குத் தெற்கேயுள்ள நிலத்தை வெறுந்தரையாக வைத்திருந்தனர். ஆங்கிலேயர் காலத்திலே அது குதிரைப் பந்தயத் திடலாயிற்று. 1893இலே பந்தயம் கறுவாத்தோட்டத்திலமைந்த புதிய திடலுக்கு மாறும்வரை, கனவான்களின் குதிரைகள் இங்கேதான் ஓடின. இவ்விரண்டுக்கும் இடையே, கடற்காற்று வாங்கும் உலாவிடமாகவும் அது வளர்ந்தது. நோய்கள் யாவும் கெட்ட காற்றிலிருந்தே பிறக்கின்றன என்று மேனாட்டு மருத்துவம் நம்பிய காலம் அது. ஆதலின் மாலைவேளையில் மனைவி மக்களைக் கடலோரத்துக்கு அழைத்துச் செல்லுதல் ஆங்கில உத்தியோகத்தரின் சுகாதார ஒழுக்கங்களுள் ஒன்றாயிற்று.

வெப்பம் குழந்தைகளை வாட்டும் என்பதையும் அவர்கள் நன்கறிவர். தேசாதிபதி எட்வேட் பான்ஸ் 1820களிலே நுவரெலியாவை ஆரோக்கியத் தலமாக வளர்க்கத் தொடங்கியதிலிருந்து, வெயிற்காலத்திலே கொழும்பை விட்டு மலையேறுதல் ஆளும் கூட்டத்தாரின் வழக்கமாயிற்று. குழந்தைகள் சற்று வளர்ந்ததும் இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டனர். எனவே, வெயிலுக்குக் குழந்தைகளை ஒப்புக்கொடுக்கலாகாது என்ற அறிவு இங்கு இல்லாதிருந்ததில்லை. அவ்வறிவினாற் பயன்பெற வேண்டியவர் யார் என்பதைத் தீர்மானித்தது மருத்துவமன்று. உடைமையும் நிறமுமே தீர்மானித்தன.

கொழும்பு நகரிலே 'தோட்டம்' என்ற சொல் பெற்ற இரு பொருள்கள் இதனை வேறெந்தச் சான்றினும் தெளிவாகக் காட்டும். ஒன்று கறுவாத்தோட்டம். 1769இலே ஒல்லாந்தத் தேசாதிபதி ஃபால்க் மருதானைப் பகுதியிலே கறுவாவை நாட்டிப் பயிர்செய்யத் தொடங்கினார். அதுவரை காடுகளிலே கறுவா உரித்துவந்த தொழிலாளரின் உழைப்பை நகரருகே கொண்டுவந்த ஏற்பாடு அது. கறுவா வாணிபம் தளர்ந்தபின், ஆங்கிலேயர் காலத்திலே அந்நிலம் மாளிகைகளின் நிலமாயிற்று. அகன்ற வீதிகளும், அவற்றின்மேற் குடைபிடிக்கும் தூங்குமூஞ்சி வாகை மரங்களும், வீட்டைச் சுற்றிய புற்றரைகளும் அங்கே எழுந்தன. தொழிலாளியின் வியர்வை விழுந்த மண்ணிலே செல்வரின் நிழல் வளர்ந்தது.

மற்றைத் 'தோட்டம்' வடக்கே பிறந்தது. முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் ஆகியவை ஒருகாலத்திலே செல்வர்கள் வாழ்ந்த சோலைப்பகுதிகளாயிருந்தன. 1875 டிசம்பரிலே வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1885இலே தென்மேற்கு அலைதடுப்பு நிறைவேறிற்று. காலித் துறைமுகத்தின் முதன்மை கொழும்பைச் சேர்ந்தது. கப்பல் பெருகிற்று, நிலக்கரிப் புழுதி பெருகிற்று, கோப்பி, தேயிலை, காரீயம் ஆகியவற்றின் களஞ்சியங்கள் பெருகின. அவற்றிலே வேலைசெய்யத் தென்னிலங்கைக் கிராமங்களிலிருந்தும் தமிழ்நாடு, மலையாளம் ஆகிய இடங்களிலிருந்தும் ஏழைமக்கள் வந்து குவிந்தனர். செல்வர்கள் புழுதிக்கும் இரைச்சலுக்கும் அஞ்சித் தெற்கே கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்தனர். பெயர்ந்தவர்கள் தம் பழைய வளவுகளைக் கைவிட்டார்களல்லர். மாமரமும் ஈரப்பலாவும் நின்ற அவ்வளவுகளிலே மரங்களை வெட்டி, வரிசை வரிசையாகச் சிற்றறைகள் கட்டி, அறையொன்றுக்கு மாதவாடகை இவ்வளவென விதித்தனர்.

இவ்வாறு எழுந்த குடியிருப்புகளுக்குத் தோட்டம் என்ற பழம்பெயரே நிலைத்தது. சிங்களத்திலே 'வத்த' என்பதும் அதே பொருளுடையதே. முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள்; நடுவே இருவர் எதிரெதிரே நடந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய முடுக்கு; பல குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர்க்குழாய்; அதேபோற் பொதுமலகூடம். தோட்டம் என்னும் பெயர் இருந்தது, மரம் இருக்கவில்லை. வாடகை கொண்டுவராத அடிநிலம் ஒவ்வொன்றும் முதலாளிக்கு நட்டக் கணக்காகவே தோன்றியது. கொழும்பின் வெப்பத்தை இயற்கையின் செயலென்று மட்டும் கூறுவோர் இந்த வாடகைக் கணக்கையும் சற்று எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

1865ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தினாற் பிறந்த கொழும்பு மாநகரசபையிலே நெடுங்காலம் இம்மக்களின் குரலுக்கு இடமிருந்ததில்லை. அவர்களின் குடியிருப்பை ஆட்சியாளர் உற்றுநோக்க நேர்ந்தது 1914இலேயாகும். அவ்வாண்டு கொழும்பிலே கொள்ளைநோய் பரவிற்று. தானியக் களஞ்சியங்களின் எலிகளும் நெருக்கமான குடியிருப்புகளும் அரசினர் கவனத்தை ஈர்த்தன. எலியின் தெள்ளு முதலாளியின் வீட்டையும் தொழிலாளியின் அறையையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. துறைமுக வாணிபத்துக்கும் ஆபத்து நேரிட்டபோது சட்டம் விரைந்து வந்தது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் வீதியகலத்தையும் கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய வெளியையும் விதித்தது. புதிய கட்டடங்களுக்கு அது பயன்பட்டது. ஏற்கெனவே நெருங்கிக் கிடந்த தோட்டங்களுக்குள் அச்சட்டம் காற்றைக் கொண்டுவரவில்லை.

இச்சூழலிலேதான் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு வந்தார். உயிரியலாளராயிருந்து நகரமைப்பாளரானவர் அவர். 1921இலே கொழும்பு நகரத் திட்டம் பற்றிய முதல் அறிக்கையை வெளியிட்டார். கொழும்பைக் கிழக்கின் தோட்டநகரமாக்கலாம் என்ற கருத்து இவரோடு சேர்த்தே பேசப்படுகின்றது. அச்சொற்றொடரைப் பின்வந்தோர் விளம்பர வாசகம்போற் பலமுறை எடுத்தாண்டிருக்கின்றனர். ஆயின் கெடிஸின் சிந்தனையில் மிகப் பெறுமதியான பகுதி வேறொன்று. அதற்குச் சில ஆண்டுகளின் முன் தஞ்சாவூர், மதுரை முதலான இந்திய நகரங்களை ஆராய்ந்தபோது அவர் ஒரு முறையை வகுத்திருந்தார். நெருங்கிய குடியிருப்பை முற்றாக இடித்து நேர்வீதி போடுதல் கூடாது; பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடத்தைச் சிறு முற்றமாக்கி, மரம் நட்டு, குழந்தைகள் விளையாடவும் பெண்கள் இருந்து பேசவும் விடவேண்டும்; ஏனைய வீடுகளைத் திருத்திக் கொள்ளலாம். இதனை அவர் மரபைக் காக்கும் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்பிட்டார். செலவும் குறைவு, ஏழை வீடிழப்பதும் குறைவு.

கொழும்பு கெடிஸிடமிருந்து தோட்டநகரம் என்ற பெயரை எடுத்துக்கொண்டது; அவரின் சிறு முற்றங்களை எடுத்துக்கொள்ளவில்லை. பெருவீதிகளும் பெரும்பூங்காக்களும் செல்வர் வாழும் பகுதிகளுக்கு அழகு சேர்ப்பவை. நிலத்தின் விலையை ஏற்றுபவை. கொட்டாஞ்சேனைத் தோட்டத்தின் நடுவே ஒரு வேம்பை நடுவதாயின் வாடகை தரும் இரண்டோர் அறையை இழக்க வேண்டும். அவ்விழப்பை ஏற்க எந்த உடைமையாளன் முன்வருவான்? அவனை ஏற்கச்செய்ய எந்த நகரசபை துணியும்?

பூங்காக்களின் கதையும் இதற்குப் புறம்பானதன்று. விக்டோரியா மகாராணியின் பெயர் தாங்கிய பூங்கா கறுவாத்தோட்டத்திலேதான் அமைந்தது. இரண்டாம் உலகப்போரின்போது படையினர் அங்கே தங்கினர். போரின் பின்னர் திருத்தப்பட்டு, பின்னொரு காலத்திலே விகாரமகாதேவிப் பூங்கா எனப் பெயர்பெற்றது. பெயர் சுதேசமாயிற்று, இடம் மாறவில்லை. கோட்டையிலே தேசாதிபதி ஆதர் கோடனின் பெயரால் அமைந்த பூங்காவோ பிற்காலத்திலே ஜனாதிபதி மாளிகை வளாகத்தினுள் அடைபட்டுப் பொதுமக்களுக்கு இல்லாமற் போயிற்று. வடகொழும்பிலே திறந்தவெளியே இல்லையென நாம் கூறவரவில்லை. முகத்துவாரத்து விஸ்ட்வைக் பூங்கா உண்டு; மட்டக்குளியிலே காக்கைதீவுக் கடற்கரைப் பூங்கா உண்டு; பொரளையிலே கம்பல் மைதானம் உண்டு. ஆனால், மைதானம் வேறு, நிழல் வேறு. நடுப்பகலிலே மரமற்ற மைதானம் குழந்தைக்கு அடுப்பங்கரையே. சாலையைக் கடந்து, பேருந்தேறிச் சென்றடைய வேண்டிய பூங்கா ஐந்து வயதுப் பிள்ளைக்கு இல்லாத பூங்காவேயாகும்.

மக்கள் தம் பங்கைக் கேளாமலும் இருந்தாரில்லை. சீமாட்டிகளுக்கென ஒப்படைக்கப்பட்ட காலிமுகத்திடலே இருபதாம் நூற்றாண்டில் உழைப்பாளரின் கூட்டத்திடலாயிற்று. 1953இலே அரசாங்கம் பங்கீட்டரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதியவுணவையும் நிறுத்திற்று. ஆகஸ்ட் 12ஆம் திகதி நிகழ்ந்த ஹர்த்தாலுக்கு முந்திய வாரங்களில் இடதுசாரிகளின் பெருங்கூட்டம் இத்திடலிலேதான் கூடிற்று. 1956 யூன் 5ஆம் திகதி சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்கள் இங்கேதான் தாக்கப்பட்டனர். 2022 ஏப்ரலிலே எழுந்த மக்கள் போராட்டத்தின் களமும் இதுவே. பொதுநிலம் யாருடையது என்ற கேள்வி இத்திடலிலே மீண்டும் மீண்டும் எழுந்திருக்கின்றது. பிள்ளையின் தட்டிலே மதியவுணவு இருக்கவேண்டும் என்ற கோரிக்கைக்கும், பிள்ளையின் தலைக்குமேல் நிழல் இருக்கவேண்டும் என்ற கோரிக்கைக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

சுதந்திரத்தின் பின்னர் திட்டங்களுக்குக் குறைவிருக்கவில்லை. 1948இலே பற்றிக் அபெர்குறொம்பி கொழும்புப் பிரதேசத் திட்டத்தை வகுத்தார். 1973ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் தோட்டங்களில் வாழ்ந்தோர் பலரைத் தம் அறைகளுக்கு உரிமையாளராக்கிற்று. இது பெரியதொரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. நூறாண்டு வாடகைச் சுரண்டலை அது முறித்தது. எனினும், அறைக்கு உரிமை கிடைத்ததேயன்றி அறைகளிடையே இல்லாமற்போன முற்றம் மீளவில்லை. 1978இலே நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றியது. 1984இலே தொடங்கிய பத்துலட்சம் வீட்டுத் திட்டம், குடியிருப்போரையே கலந்து அவர்கள் இருந்த இடத்திலேயே வீடுகளைத் திருத்தும் வழியைச் சில காலம் கைக்கொண்டது. கெடிஸின் முறைக்கு நம் நாடு மிக நெருங்கிவந்த காலம் அதுவெனலாம்.

2010இலே நகர அபிவிருத்திப் பொறுப்பு பாதுகாப்பு அமைச்சிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்திலே கறுவாத்தோட்டப் பக்கத்துப் பூங்காக்களும் நடைபாதைகளும் அழகுபெற்றன, வேலிகள் அகற்றப்பட்டன, மாலையில் நடுத்தர வர்க்கத்தார் உலாவரலாயினர். அதேகாலத்திலே கொம்பனித்தெரு மியூஸ் வீதியிலே ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. கொழும்பிலே 68,000க்கும் அதிகமான குடும்பங்கள் வசதிகுறைந்த குடியிருப்புகளில் வாழ்கின்றன என்றும், அவை நகரநிலத்திற் பத்திலொரு பங்கினும் குறைந்த அளவையே கொண்டுள்ளன என்றும் அதிகாரசபையின் கணக்கே கூறிற்று. இவ்வளவு சிறிய நிலத்தையும் மீட்டெடுத்து முதலீட்டாளருக்கு வழங்குவதே திட்டத்தின் பொருளாதார உயிர்நாடி. அங்கிருந்தோர் தெமட்டகொடை, வனாத்தமுல்லை முதலிய இடங்களிலே எழுந்த பன்னிரண்டு, பதினான்கு மாடித் தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டனர். ஒரு குடும்பத்துக்கு 400 சதுரவடி அளவிலான வீடு. குழாயும் மலகூடமும் தனியாகக் கிடைத்தன; அதனை நாம் சிறுமைப்படுத்தோம். ஆயின் முன்னர் முடுக்கிலேனும் ஓடிய குழந்தை இப்போது பத்தாம் மாடியின் இருண்ட நடைவழியில் நிற்கின்றது. கீழே இறங்கினால் வண்டிகள் நிறுத்தும் கொங்கிறீற்றுத் தரை.

இதனாற் குழந்தையின் உடலுக்கு நேர்வது யாது? கொழும்பின் வெப்பநிலை வவுனியாவையோ அனுராதபுரத்தையோ போல் எண்ணளவில் உயர்வதில்லை. ஆனால் காற்றிலே ஈரம் மிகுதி. ஈரக்காற்றிலே வியர்வை ஆவியாகாது. வியர்வை ஆவியாகாவிடின் உடல் குளிராது. குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட அதன் தோற்பரப்பு பெரிது. எனவே சூழவுள்ளவை உடலினும் சூடேறும்போது அது விரைவில் வெப்பத்தை ஏற்கின்றது. அது வியர்ப்பதும் வளர்ந்தோரினும் குறைவு. விளையாட்டு மும்முரத்திலே தாகத்தை அது மறக்கும். கைக்குழந்தையோ தாகத்தைச் சொல்லவும் அறியாது. நீரிழப்பு, வேர்க்குரு, மயக்கம், தூக்கமின்மை ஆகியவை தொடர்கின்றன. தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழ்கின்றன. மரமோ வெயிலைத் தன் இலைகளில் ஏற்று நிழல் தருவதோடு, வேரால் உறிஞ்சிய நீரை இலைவழி ஆவியாக்கிக் காற்றையும் தணிக்கின்றது. நகரைச் சூழ்ந்த சதுப்புநிலங்களும் இப்பணியைச் செய்கின்றன. 2018இலே கொழும்பு ராம்சார் ஈரநில நகரமென அங்கீகாரம் பெற்றது. அதே ஈரநிலங்களே நெடுங்காலமாக மண்ணிட்டு நிரப்பப்பட்டும் வந்தன.

இதன் விளைவை வகுப்பறையிலே ஆசிரியர்களாகிய நாம் நாடோறும் காண்கின்றோம். இரவிலே புழுக்கத்தால் உறங்காத பிள்ளை மதியத்தின் பின் மேசையிலே தலைசாய்க்கின்றது. அதனைச் சோம்பலென்று ஏசுதல் எளிது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வெப்பம் மிகுந்தபோது, மாணவரை வெயிலில் விளையாட்டுப் பயிற்சிகளில் ஈடுபடுத்துவதைத் தவிர்க்குமாறு கல்வியமைச்சு அறிவுறுத்திற்று. சரியான அறிவுறுத்தலே. ஆனால் மரஞ்சூழ்ந்த பெருந்திடலுடைய கல்லூரிகளுக்கு அது சில வார இடையூறு. ஒடுங்கிய தெருவிலே, முற்றமே இல்லாத பாடசாலையிற் படிக்கும் பிள்ளைக்கோ ஆண்டு முழுவதும் நிலைமை அதுவே. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கிடைக்கும் சிறு வெளியையும் பையன்களின் கிரிக்கெற் பிடித்துக்கொள்ள, தம்பி தங்கையரை இடுப்பிற் சுமந்தபடி வாசலோரத்திலே நிற்பவர்கள் அவர்கள்.

ஈண்டு இரண்டு தவறான கருத்துகளை மறுத்தல் வேண்டும். முதலாவது, சோறும் வீடும் கிடைத்தபின் மரத்தைப்பற்றிப் பேசலாம் என்பது. முற்போக்காளர் சிலரும் இவ்வாறு கூறுவதுண்டு. நிழல் என்பது செல்வரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவதால் வரும் மயக்கம் இது. உறக்கமும் நீரும் காற்றும் இல்லாத குழந்தைக்கு ஊட்டிய சோறும் முழுப்பயன் தராது. நிழலை வீட்டின் உறுப்பாகவே கொள்ளல் வேண்டும். இரண்டாவது, நகரை அழகாக்க ஏழைகளை அகற்றியே தீரவேண்டும் என்பது. குழந்தைகளைக் குடியெழுப்பிவிட்டு, அவ்விடத்திலே புல் வளர்த்து, அதனைக் குழந்தைகளின் நலனென்று கூறுதல் அறமாகாது. குழந்தை வாழும் இடத்தைத் தேடிப் பசுமை செல்லவேண்டும்.

இதற்கு அளவுகோலும் இன்று உண்டு. வீட்டிலிருந்து 300 மீற்றர் தூரத்துள், ஏறக்குறைய அரை ஹெக்டேயர் அளவான பசுவெளி ஒவ்வொருவருக்கும் இருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2016இலே எடுத்துரைத்தது. குழந்தை ஐந்து நிமிடத்திலே நடந்து செல்லும் தூரம் அது. அவ்வளவுகோலைக் கொட்டாஞ்சேனைக்கும் வனாத்தமுல்லைக்கும் பொருத்தி, தோட்டந்தோறும் அளந்து, வெளியிடுமாறு மாநகரசபையை நாம் கேட்கவேண்டும். அரை ஹெக்டேயர் கிடையாத இடத்திலே கெடிஸ் கூறிய சிறு முற்றமேனும் வேண்டும். புதிய தொடர்மாடி எதற்கும் மரநிழலுடைய விளையாட்டிடமும் தண்ணீர்க்குழாயும் இன்றி அனுமதி வழங்கலாகாது. பாடசாலை முற்றங்களிலே மரம் நடப்படவும், விடுமுறையிலும் மாலையிலும் அவை அயற்பிள்ளைகளுக்குத் திறந்துவிடப்படவும் வேண்டும். எஞ்சிய ஈரநிலங்கள் ஓரங்குலமும் குறையாமற் காக்கப்பட வேண்டும். எந்த இடத்திலே எந்த மரம் என்பதை அங்கு வாழும் தாய்மாரே தீர்மானிக்கட்டும். வெயில் எந்நேரம் எந்த வாசலிலே விழுகின்றது என்பதை அவர்களைவிட அறிந்தவர் எவருமிலர்.

இவை பெருஞ்செலவு வேண்டும் காரியங்களல்ல. நிலம் யாருக்காக என்பதிலே ஒரு முடிவே வேண்டும். அம்முடிவைத் தேசாதிபதிகள் தம் குழந்தைகளுக்குச் சாதகமாக என்றோ எடுத்துக்கொண்டனர். தோட்டத்துப் பிள்ளைகளுக்காக அதனை எடுக்கச்செய்வது அமைப்பாய்த் திரளும் மக்களின் பொறுப்பாகும். இன்று நடும் கன்று கூரையளவு வளர்ந்து நிழல் தரச் சில ஆண்டுகளாகும். அடுத்த சித்திரைக்கு இன்னும் அத்தனை காலம் இல்லை.